கூட்டம் நிற்குமா, கலையுமா? ஆன்லைன் விளையாட்டுக்குக் காசு போடுமுன் சில குறிப்புகள்

"எல்லாரும் இதைத்தான் ஆடறாங்க, எனக்கும் வாங்கித் தாங்க!" இந்த வசனம் கேட்காத வீடு இப்போது குறைவு. கேட்பவர் பத்தாம் வகுப்புப் பிள்ளையாகவும் இருக்கலாம், ஆபீஸ் முடிந்து வந்த வீட்டுக்காரராகவும் இருக்கலாம். பலரோடு சேர்ந்து ஆடும் விளையாட்டில் எதிரே ஆள் இல்லையென்றால் கொடுத்த காசு தண்டம். அந்த "எல்லாரும்" நிஜமாகவே இருக்கிறார்களா, நாலு மாதம் கழித்தும் இருப்பார்களா என்று தெரிந்துகொள்ளக் கைவசம் உள்ள வழிகள் இவை. பெரும்பாலானவற்றுக்குப் பத்து நிமிடம் போதும், பைசா செலவில்லை.

1. கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால் முதலில் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் "அதிகம் ஆடப்படுபவை" பட்டியலைத் திறங்கள். இந்த நிமிடம் எத்தனை பேர் ஆடுகிறார்கள், இன்றைய உச்சம் எத்தனை என்று முதல் 100 விளையாட்டுகளுக்கு எதிரிலேயே போட்டிருப்பார்கள். பட்டியலில் இல்லாத சின்ன விளையாட்டுக்கு அதன் சமூகப் பக்கத்தின் தலைப்பிலேயே எண் இருக்கும்.

2. பழைய கணக்கு வேண்டுமென்றால் ஸ்டீம்டிபி, ஸ்டீம்சார்ட்ஸ் என்ற இரண்டு தளங்கள் இருக்கின்றன, இரண்டும் இலவசம். கிராஃபை முதலில் தொடக்கம் முதல் இன்று வரை என்று விரித்துப் பாருங்கள், பிறகு கடைசி மூன்று மாதத்துக்குச் சுருக்குங்கள். விரித்தால் புகழ் தெரியும், சுருக்கினால் நிலவரம் தெரியும்.

3. உச்ச எண்ணைக் கண்டு வாயைப் பிளக்க வேண்டாம். 2024 ஜனவரியில் பால்வேர்ல்டு ஸ்டீமில் ஒரே நேரத்தில் 21 லட்சம் பேரைத் தொட்டது; சில மாதங்களிலேயே அதில் சிறு பங்குதான் மிச்சம். கல்யாண மண்டபத்துக் கூட்டம் வேறு, தினமும் காலையில் மெஸ்ஸுக்கு வந்து போகும் கூட்டம் வேறு. நாம் தேடுவது இரண்டாவதை.

4. வெளியான முதல் மாதத்தைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அது ஆரம்ப சூரத்தனம், பெரும்பாலான விளையாட்டுகளுக்கு உண்டு. இரண்டாம் மாத உச்சத்தையும் ஐந்தாம் மாத உச்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வகுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் நின்றிருந்தால் தைரியமாக வாங்கலாம், கால்வாசிக்குக் கீழே போயிருந்தால் பர்ஸை மூடுங்கள்.

5. ஒரு நாள் கிராஃபையும் தவறாமல் பாருங்கள். மனிதர்கள் ஆடும் விளையாட்டில் கோடு அலை மாதிரி ஏறி இறங்கும், ஏனென்றால் மனிதர்கள் தூங்குவார்கள், பள்ளிக்குப் போவார்கள், வேலைக்குப் போவார்கள். இரவும் பகலும் கோடு தட்டையாகவே ஓடினால் அங்கே பாட் கணக்குகள் (மனிதர் இல்லாமல் நிரலே ஆட்டுபவை) உட்கார்ந்திருக்கின்றன என்று சந்தேகப்படலாம். 2024 ஜூனில் பனானா என்று ஒன்று ஸ்டீம் பட்டியலில் விறுவிறுவென்று ஏறி 9 லட்சத்தைத் தாண்டியது. ஒரு வாழைப்பழப் படத்தைக் கிளிக் செய்வதுதான் முழு விளையாட்டே. அதில் அவ்வப்போது விழும் படங்களைச் சந்தையில் விற்கலாம் என்பதால் பாட்கள் புகுந்தன. பாட் தொல்லை இருப்பதை அதைச் செய்தவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

6. பெரிய கம்பெனி விளையாட்டு என்றாலும் பாட் இருக்காது என்று நம்பிவிடாதீர்கள். லாஸ்ட் ஆர்க் 2022 பிப்ரவரியில் 13 லட்சம் பேரைக் காட்டியது. அடுத்த மாதமே 10 லட்சத்துக்கு மேற்பட்ட பாட் கணக்குகளைத் தடை செய்ததாக வெளியீட்டாளரே அறிவித்தார்கள். விளையாட்டுக்குள் கிடைக்கும் பொருளைக் காசாக்க வழி இருந்தால் எண்ணைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள்.

7. புதன்கிழமை விடியற்காலையில் ஸ்டீம் எண்ணைப் பார்த்துவிட்டு "ஆளே இல்லை" என்று முடிவுகட்டாதீர்கள். அப்போது அமெரிக்காவில் செவ்வாய் பிற்பகல், ஸ்டீமின் வாராந்திரப் பராமரிப்பு நடக்கும் நேரம். எல்லா விளையாட்டிலும் கோடு சட்டென்று பள்ளத்தில் விழுந்து எழும்.

8. உலகக் கூட்டம் நமக்குச் சோறு போடாது. நாம் ஆடும் நேரத்தில், நம் பக்கத்து சர்வரில் ஆள் இருக்க வேண்டும். மும்பையில் சர்வர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாலரன்டுக்கும் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-க்கும் இருக்கிறது.

9. மும்பை இல்லையென்றால் அடுத்தது சிங்கப்பூர். சென்னையிலிருந்து அங்கே நேரடிக் கடலடிக் கேபிள் உண்டு என்பதால் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு பிங் (சர்வருக்குச் செய்தி போய்வரும் நேரம்) பெரும்பாலும் தாங்கும். ஆனால் அவர்கள் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நாம் சாப்பிட்டுவிட்டு 10 மணிக்கு உட்காரும்போது அங்கே நள்ளிரவு 12.30. அந்த சர்வரை நம்பி வாங்குகிறவர்கள் மாலை 6 முதல் 9 வரை ஆட முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

10. ஐரோப்பா சர்வரில் நம் இரவு 10 மணிக்கு மாலைக் கூட்டம் களை கட்டும், ஆனால் பிங் கையைக் கட்டிப்போடும். சீட்டு, சதுரங்கம், மெதுவாக யோசித்து ஆடும் வியூக விளையாட்டுகளுக்கு அது பொருட்டே இல்லை. துப்பாக்கி விளையாட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

11. ஒரு ஆட்டத்துக்கு எத்தனை பேர் வேண்டும் என்று பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். பப்ஜிக்கு 100 பேர், ஏபெக்ஸ் லெஜண்ட்ஸுக்கு 60, ரெயின்போ சிக்ஸ் சீஜுக்கு 10. இப்படி 100 பேர் கேட்கும் ஒரு விளையாட்டில் 1,000 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கண்டத்து சர்வருக்குப் பிரித்தால் 200. அதில் தனியாள், ஜோடி, நால்வர் அணி என்று மூன்றாகப் பிரித்தால் 67. அதிலும் பாதிப் பேர் ஏற்கெனவே ஓர் ஆட்டத்தின் நடுவில் இருப்பார்கள். ஆயிரம் பேர் என்று படிக்கும்போது பெரிதாகத் தெரிந்தது, நமக்கு ஓர் ஆட்டம்கூடத் தேறவில்லை.

12. இதே 1,000 பேர் ஒருவரோடு ஒருவர் மோதும் சண்டை விளையாட்டில் இருந்தால் அமோகம். இரண்டு பேர் சேர்ந்தால் ஆட்டம் தொடங்கிவிடும். எண் சின்னது என்பதற்காக இந்த வகையை ஒதுக்காதீர்கள்.

13. சொந்தக்காரப் பிள்ளைகள், நண்பர்கள் என்று நாலு பேர் கூடி ஆடுவதற்கு வாங்குகிறீர்களா? அப்படியானால் இந்தக் குறிப்புகளில் பாதியைத் தாண்டிப் போய்விடுங்கள். வால்ஹெய்ம் 2021-இல் 5 லட்சம் பேரைத் தொட்டு இறங்கியது, ஆனால் அதில் ஒரு உலகத்தில் அதிகபட்சம் 10 பேர்தான். மற்றவர்கள் வந்தால் என்ன, போனால் என்ன?

14. "எங்களிடம் இத்தனை கோடி வீரர்கள்" என்ற விளம்பரத்தில் எத்தனை பேர் இன்னும் ஆடுகிறார்கள் என்ற தகவல் இருக்காது. ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனவரும் அந்தக் கணக்கில் உண்டு. யூபிசாஃப்டின் எக்ஸ்டிஃபையண்டை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் ஆடினார்கள் என்று கம்பெனியே சொன்னது, அதை மூடப்போகிறோம் என்று அறிவித்தபோது! 2024 மே மாதம் தொடங்கி 2025 ஜூனில் சர்வர் அணைந்தது.

15. பிளே ஸ்டோரில் தெரியும் டவுன்லோடு எண் ஏறுமே தவிர இறங்காது. நீக்கியவர்களையும் சேர்த்த மொத்தக் கணக்கு அது. அதை விட்டுவிட்டு விமர்சனங்களைப் "புதியவை முதலில்" என்று வரிசைப்படுத்தி, இந்த வாரம் எழுதியவர்கள் மேட்ச் கிடைக்கிறது என்கிறார்களா என்று படியுங்கள்.

16. எண்ணை வழக்கமாக வெளியிட்டு வந்த கம்பெனி திடீரென்று நிறுத்தினால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் 2010-இல் 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர் என்று பெருமையாகச் சொன்னது. 2015-இல் 55 லட்சத்துக்கு இறங்கியதும் இனி சொல்லப் போவதில்லை என்றுவிட்டார்கள். விளையாட்டு சாகவில்லை, இன்றும் ஓடுகிறது. ஆனால் ஏறுமுகத்தில் இருப்பவர் யாரும் கணக்கை மறைப்பதில்லை.

17. ஸ்டீம் எண் என்பது ஸ்டீமில் மட்டும் ஆடுபவர்கள். ராக்கெட் லீக் 2020 செப்டம்பரில் இலவசமானபோது புதியவர்களுக்கு ஸ்டீமில் கிடைக்காமல் போய்விட்டது. இப்போது அங்கே தெரிவது பழைய ஆட்களின் கணக்கு மட்டும். அதைப் பார்த்து "படுத்துவிட்டது" என்று சொன்னால் ராக்கெட் லீக்காரர்கள் சிரிப்பார்கள். ஃபோர்ட்நைட் ஸ்டீமில் கிடையவே கிடையாது.

18. எண் திடீரென்று ஏறினாலும் காரணம் கேளுங்கள். டெஸ்டினி 2 ஸ்டீமில் 2019 அக்டோபரில் பெரிய எண்ணோடு தோன்றியதற்கு ஒரு காரணம், வேறு தளத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் மூட்டை முடிச்சோடு இங்கே மாறியது. கால் ஆஃப் டியூட்டிக்குப் பல பாகங்களின் கணக்கும் ஒரே பெயரில் வருகிறது. அதில் நீங்கள் வாங்கும் பாகத்தின் பங்கு எவ்வளவு என்று தெரியாது.

19. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், வாலரன்டு போன்றவற்றுக்கு "இப்போது இத்தனை பேர்" என்று எண்ணைத் துல்லியமாகக் காட்டும் வெளித்தளங்களை நம்ப வேண்டாம். இவற்றை நடத்தும் ரயட் கம்பெனி அந்த நேரடி எண்ணை வெளியிடுவதில்லை. அந்தத் தளங்கள் போடுவது ஊகம். இந்த இரண்டும் இலவசம்தானே, உள்ளே போய் மேட்ச் எத்தனை நொடியில் கிடைக்கிறது என்று நாமே பார்த்துவிடலாம்.

20. ராப்லாக்ஸில் வேலை சுலபம். ஒவ்வொரு விளையாட்டின் பக்கத்திலும் இப்போது ஆடுபவர் எண் பளிச்சென்று இருக்கும். சனிக்கிழமை எண்ணை மட்டும் வைத்து மயங்காதீர்கள்: 2025-இல் 2 கோடிப் பேரைத் தாண்டிய குரோ எ கார்டன் தன் புதுச் சரக்கை எல்லாம் சனிக்கிழமைகளில்தான் இறக்கியது. பிள்ளை ரோபக்ஸ் (ராப்லாக்ஸ் காசு) கேட்டால் செவ்வாய், புதன் எண்ணையும் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

21. எண்ணை ஒளிக்காத நல்ல மனசுக்காரர்களும் உண்டு. லீசெஸ் சதுரங்கத் தளத்தின் முகப்பிலேயே எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை ஆட்டம் ஓடுகிறது என்று இருக்கும். ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பும் அப்படியே. 2003-இல் தொடங்கிய ஈவ் ஆன்லைனும் உள்ளே நுழையும் இடத்திலேயே ஆள் கணக்கைச் சொல்லிவிடுகிறது.

22. ட்விட்ச் நேரலைத் தளத்தில் பார்ப்பவர் எல்லாம் ஆடுபவர் இல்லை. 2020 ஏப்ரலில் வாலரன்டு சோதனை ஓட்டத்துக்கு நுழைவுச்சீட்டு ட்விட்சில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் என்றார்கள். ஒரே நேரத்தில் 17 லட்சம் பேர் பார்த்தார்கள். பரிசு கொடுத்துக் கூட்டம் சேர்க்கும் நாட்களில் பார்வையாளர் எண்ணைத் தள்ளிவையுங்கள்.

23. யூடியூபில் பெரிய சேனல்களை விடுங்கள், அவர்களுக்கு விளம்பரக் காசு வரும். சில நூறு சந்தாதாரர் உள்ள சின்ன சேனல்காரர் இந்த வாரமும் அதே விளையாட்டைப் பற்றி வீடியோ போட்டிருக்கிறாரா? யாரும் காசு தராமல் ஆறு மாதமாக ஒருவர் போட்டுக்கொண்டே இருந்தால் அந்த விளையாட்டில் ஏதோ பிடிமானம் இருக்கிறது.

24. ஸ்டீம் விமர்சனத்தில் மொத்த மதிப்பெண்ணைத் தாண்டி "சமீபத்திய 30 நாள்" மதிப்பெண்ணைப் படியுங்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் அருகில் எத்தனை மணி நேரம் ஆடினார் என்று இருக்கும். 300 மணி நேரம் ஆடிவிட்டு "இப்போது மேட்ச் கிடைப்பதில்லை" என்று எழுதுபவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம். அரை மணியில் புகழ்பவரை விட்டுவிடலாம்.

25. ஒரே நாளில் லட்சக்கணக்கில் வந்து விழும் எதிர்மறை விமர்சனம் ஆள் ஓடியதற்குச் சான்றில்லை, கோபத்துக்குத்தான் சான்று. ஹெல்டைவர்ஸ் 2-இல் 2024 மே மாதம் பிளேஸ்டேஷன் கணக்கைக் கட்டாயமாக்கப் போவதாகச் சொன்னதும் 2 லட்சத்துக்கு மேல் குவிந்தது. சில நாட்களிலேயே சோனி பின்வாங்கியது, பலர் விமர்சனத்தையும் மாற்றினார்கள்.

26. இது எனக்கு மிகவும் பிடித்த தந்திரம். ஸ்டீமில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் "உலக அளவிலான சாதனைகள்" என்று ஒரு பக்கம் உண்டு. எந்தச் சாதனையை எத்தனை சதவீதம் பேர் எட்டினார்கள் என்று மேலிருந்து கீழே வரிசையாக இருக்கும். அதில் இரண்டே வரியைத் தேடுங்கள்: "முதல் ஆட்டத்தை முடித்தார்" என்பது மாதிரி ஒன்று, "50 ஆட்டம் வென்றார்" என்பது மாதிரி ஒன்று. முதல் வரியில் 80 சதவீதமும் இரண்டாவதில் 4 சதவீதமும் இருந்தால், வந்தவர்கள் வாசலோடு திரும்பிவிட்டார்கள். இரண்டாவதில் 25 இருந்தால் உட்கார்ந்து ஆடுகிறார்கள். கம்பெனி அழகாகச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இந்தப் பக்கம் உள்ளதைச் சொல்லிவிடும். அடிக்கடி இலவசமாகவோ அடிமாட்டு விலைக்கோ கொடுத்த விளையாட்டுக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாக மதிப்பிடுங்கள், சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களும் கணக்கில் சேர்ந்திருப்பார்கள்.

27. நண்பர்கள் பட்டியலில் அதே விளையாட்டை வைத்திருப்பவர் யார், கடைசியாக என்று ஆடினார் என்று பாருங்கள். "என் ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் வச்சிருக்காங்க" என்பது நிஜமாகவே இருக்கும். கடைசியாகத் தொட்டது போன தீபாவளிக்கு என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

28. கிராஃப் ரம்பப் பல் மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம். பாத் ஆஃப் எக்ஸைலில் சில மாதத்துக்கு ஒரு புது லீக் வரும், கூட்டம் குபீரென்று ஏறும், வாரங்களில் வடியும். 2013 முதல் இதே கதைதான். இந்த வகையில் பள்ளத்தைப் பார்க்காதீர்கள், ஒரு பல்லின் உச்சியையும் அடுத்த பல்லின் உச்சியையும் ஒப்பிடுங்கள். வாங்குவதென்றால் லீக் தொடங்கும் வாரத்தில் வாங்குங்கள்.

29. கடைசி அப்டேட் எப்போது, அதற்கு முந்தையது எப்போது என்று செய்திப் பக்கத்தில் தேதியை மட்டும் பாருங்கள். 2021 நவம்பரில் ஸ்டீமில் இரண்டரை லட்சத்தைத் தாண்டித் தொடங்கிய ஹேலோ இன்ஃபினிட்டின் முதல் சீசன் ஆறு மாதம் இழுத்தது. புதுசாக ஒன்றும் வராததால் கூட்டம் வேறு பக்கம் போய்விட்டது.

30. "சர்வர்களை இணைக்கிறோம்" என்ற அறிவிப்பு வந்தால் ஆள் குறைந்துவிட்டது என்று அர்த்தம். நியூ வேர்ல்டு 2021 செப்டம்பரில் 9 லட்சம் பேரோடு தொடங்கி, உள்ளே நுழையவே மணிக்கணக்கில் வரிசை நின்றது. சர்வர்களைக் கூட்டினார்கள், சில மாதங்களிலேயே இணைக்க ஆரம்பித்தார்கள். 2025 அக்டோபரில் இனிப் புது உள்ளடக்கம் இல்லை என்று அமேசான் சொல்லிவிட்டது. இணைத்த பிறகு சில மாதம் கூட்டமாகவே தெரியும், அதில் ஏமாறக் கூடாது.

31. வார இறுதி இலவசம், பாதி விலைத் தள்ளுபடி நடக்கும்போது எண்ணைப் பார்க்கவே கூடாது. முடிந்து இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள், முன்பிருந்ததைவிட மேலே நிற்கிறதா என்று.

32. காசுக்கு விற்றதை இலவசமாக்குவது எப்போதும் கடைசி மூச்சு இல்லை. பப்ஜி 2022 ஜனவரியில் இலவசமாகி இன்றும் லட்சக்கணக்கில் ஆள் வைத்திருக்கிறது. வால்வின் ஆர்டிஃபாக்ட் சீட்டு விளையாட்டோ 2018 நவம்பரில் சுமார் 60,000 பேரோடு தொடங்கி, சில மாதங்களில் சில நூறு பேருக்கு இறங்கி, 2021-இல் இலவசமான பிறகும் எழுந்திருக்கவில்லை. இலவசமாவதற்கு முந்தைய மாதத்தில் ஆள் இருந்தார்களா என்பதே வித்தியாசம்.

33. முதல் நாளே ஈ ஓட்டும் விளையாட்டை முழு விலை கொடுத்து வாங்காதீர்கள். சோனியின் கான்கார்டு 40 டாலர் விலையில் 2024 ஆகஸ்ட் 23-இல் வந்தது. ஸ்டீமில் அதன் உச்சமே 697 பேர். செப்டம்பர் 6-ஆம் தேதி மூடிவிட்டார்கள். வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது, ஆனால் எல்லாக் கம்பெனியும் அப்படித் தராது.

34. அதே வாரத்தில் வேறு யார் வருகிறார்கள் என்று காலண்டரைப் புரட்டுங்கள். டைட்டன்ஃபால் 2 நல்ல விளையாட்டு என்று ஊரே ஒப்புக்கொண்டது. ஆனால் 2016 அக்டோபர் 28-இல் வந்தது. ஒரு வாரம் முன்னால் பேட்டில்ஃபீல்டு 1, ஒரு வாரம் பின்னால் கால் ஆஃப் டியூட்டி. இத்தனைக்கும் பேட்டில்ஃபீல்டை வெளியிட்டதும் அதே கம்பெனிதான், யார் போட்ட கணக்கோ!

35. மெதுவாகக் கிளம்புவதை உடனே குப்பையில் போடாதீர்கள். அமங் அஸ் 2018-இல் வந்து இரண்டு வருடம் கேட்பாரற்றுக் கிடந்தது, 2020-இல் ஊரடங்கில் உலகமே ஆடியது. ரெயின்போ சிக்ஸ் சீஜ் 2015 டிசம்பரில் மந்தமாகத் தொடங்கி வருடா வருடம் ஏறியது. ஃபைனல் ஃபேன்டஸி 14 அதைவிட வேடிக்கை: 2010-இல் படுதோல்வி, 2013-இல் புதிதாகச் செய்து வெளியிட்டார்கள், 2021 டிசம்பரில் கூட்டம் தாங்காமல் விற்பனையையே கொஞ்ச நாள் நிறுத்தினார்கள்.

36. மொபைல் விளையாட்டுத் தொழிலில் 40-20-10 என்று ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள். இன்று இறக்கியவர்களில் 40 சதவீதம் பேர் மறுநாளும், 20 சதவீதம் பேர் ஏழாம் நாளும், 10 சதவீதம் பேர் முப்பதாம் நாளும் திரும்பினால் நல்ல விளையாட்டு. பலவும் இதை எட்டுவதில்லை. அப்படியென்றால் நல்ல விளையாட்டிலேயே பத்தில் ஒன்பது பேர் மாதம் முடிவதற்குள் போய்விடுவார்கள். நம் வீட்டுப் பிள்ளையும் அந்த ஒன்பதில் ஒருவராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். முதல் மாதம் ஸ்கின்னுக்கு (விளையாட்டுக்குள் விற்கும் அலங்காரத்துக்கு) காசு கிடையாது என்று சட்டம் போடுங்கள்.

37. தினசரி வருகைப் பரிசு கொடுக்கும் விளையாட்டில் "தினமும் வருபவர்" எண் ஊதிக் காட்டும். உள்ளே போய் பெட்டியைத் திறந்து நாணயத்தை எடுத்துக்கொண்டு வெளியே வருபவரும் அதில் ஒருவர்.

38. சீசன் முழுக்க ஆடிப் படியேறிப் பரிசு வாங்கும் பேட்டில் பாஸும் ஆளைக் கட்டிப்போடும் கயிறுதான். ஃபோர்ட்நைட்டில் பாஸை முழுக்க முடித்தால் அடுத்ததை வாங்கும் அளவுக்கு வி-பக்ஸ் (அந்த விளையாட்டின் காசு) திரும்பக் கிடைக்கும் என்பதால் போக மனசு வராது. சிக்கன வழி: பாஸை சீசன் தொடக்கத்தில் வாங்காதீர்கள். முடியப் போகும் நேரத்தில் எத்தனை படி ஏறியிருக்கிறோம் என்று பார்த்துவிட்டு வாங்கினாலும் ஏறிய படிகளுக்கான பரிசு பல விளையாட்டுகளில் மொத்தமாகக் கிடைக்கும். பாதிகூட ஏறவில்லையென்றால் அந்தக் காசு மிச்சம்.

39. காத்திருக்கும் கடிகாரம் பொய் சொல்லாது. சனி இரவு 9 மணிக்கு "ஆட்டம் தேடு" அழுத்தி, திரையில் ஓடும் நொடியைப் பாருங்கள். அரை நிமிடத்துக்குள் என்றால் பிரமாதம், இரண்டு நிமிடம் பொறுக்கலாம், ஐந்து நிமிடம் ஆகி பிங்கும் 200-ஐத் தாண்டினால் பக்கத்தில் ஆள் இல்லாமல் தூரத்து சர்வரில் தள்ளுகிறது. அதே சோதனையை ஒரு வார நாள் மதியமும் செய்யுங்கள்.

40. அடுத்தடுத்த ஆட்டங்களில் அதே பெயர்கள் வருகின்றனவா என்று கவனியுங்கள். திரும்பத் திரும்ப அதே நாலைந்து பேர் எதிரில் நின்றால், அந்தத் தரவரிசையில் மிச்சம் இருப்பதே அவர்கள்தான்.

41. மேட்ச் உடனே கிடைத்தாலும் எதிரே இருப்பது மனிதர்தானா? பப்ஜி, ஃபோர்ட்நைட் இரண்டிலுமே காலி இடத்தைப் பாட் கொண்டு நிரப்புவது உண்டு. திறந்த வெளியில் சிலையாக நிற்பது, சுட்டால் திரும்பிப் பார்க்கவே யோசிப்பது, நேராக நடப்பது எல்லாம் அடையாளம். முதல் நாள் புதியவருக்குச் சுலபமாக வெற்றி கிடைப்பதிலும் இந்தக் கைங்கரியம் இருக்கலாம்.

42. டிஸ்கார்டு அரட்டைத் தளத்தில் உறுப்பினர் எண்ணைப் பார்க்காதீர்கள், "கூட்டாளி தேவை" அறையில் கடைசிச் செய்தி எத்தனை நிமிடம் முன்பு வந்தது என்று பாருங்கள். புதியவர் கேள்வி கேட்கும் அறையும் முக்கியம். பழம் தின்று கொட்டை போட்டவர்கள் மட்டுமே மிஞ்சிய விளையாட்டில் நம் பிள்ளை போய் முதல் நாளே அடி வாங்கி வருவான்.

43. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு மணியைப் பயிற்சிப் பகுதியிலும் முகத்துக்கு மீசை ஒட்டுவதிலும் கரைத்துவிடாதீர்கள். மெனுவில் சும்மா நின்றாலும் நேரம் ஓடும். இரவு 9 மணிக்கு முதல் முறை திறந்து நேராகக் கூட்ட ஆட்டத்துக்குப் போங்கள். விளையாட்டுக்குள் வாங்கிய ஸ்கின் காசு திரும்பும் என்று மட்டும் எண்ணாதீர்கள்.

44. சர்வர் அணைந்தால் என்ன மிஞ்சும் என்று வாங்கும்போதே கேளுங்கள். 2014-இல் வந்த தி க்ரூ கார் பந்தயத்தை 2024 மார்ச் 31-இல் அணைத்தபோது காசு கொடுத்து வாங்கியவர்களும் தனியாகக்கூட ஓட்ட முடியாமல் போனது. அந்தக் கோபத்தில் தொடங்கிய இயக்கத்துக்கு ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்தது. தனியாள் ஆட்டம், பாட்களோடு ஆட்டம், சொந்த சர்வர் வைக்கும் வசதி, இவற்றில் ஒன்றாவது உள்ளதை வாங்கினால் கூட்டம் கலைந்தாலும் முழுக்க நஷ்டம் இல்லை.

45. நம் ஊரில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: ஆள் கூட்டம் அலைமோதும்போதே தடை வரலாம். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் போனது. பிஜிஎம்ஐ என்று 2021 ஜூலையில் வந்து, 2022 ஜூலையில் கடைகளிலிருந்து மறைந்து, 2023 மே மாதம் திரும்பியது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடையானது. மொபைல் விளையாட்டுக்குள் செலவழிக்கும் யூசியோ டைமண்டோ அப்போதைக்குத் தேவையான அளவு மட்டும் வாங்குங்கள், மொத்தமாக வாங்கிச் சேர்த்து வைக்காதீர்கள்.

46. விலை குறையட்டும் என்று காத்திருப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் கூட்ட விளையாட்டில் ரொம்பக் காத்திருந்தால் அடிமட்ட விலைக்கு வெறும் மைதானம் கிடைக்கும். கோடு மேலே அல்லது சமமாக ஓடினால் முதல் பெரிய தள்ளுபடியில் வாங்குங்கள். தள்ளுபடியில் புதியவர்களும் கூடவே வருவார்கள், கற்றுக்கொள்ளத் துணை இருக்கும். கோடு சரிந்துகொண்டே இருந்தால் தள்ளுபடி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேண்டாம்.

47. வீட்டில் நச்சரிப்பு தாங்கவில்லையா? கேட்கிற ஆளிடமே ஒரு நோட்டையும் பேனாவையும் கொடுங்கள். நாலு வாரம், ஒவ்வொரு சனியும் புதனும் இரவு 9 மணிக்கு ஸ்டீம் எண்ணைத் தேதி போட்டு எழுதி வரச் சொல்லுங்கள். எழுதி முடித்துக் காட்டினால் உட்கார்ந்து பேசலாம். இரண்டாம் வாரமே நோட்டு காணாமல் போனால் விஷயம் அதோடு முடிந்தது, நோட்டை மளிகைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளலாம்.